மழை வேண்டிய பிள்ளை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, நீங்க ஒரு மாசம் இங்க வந்து இருங்க. இனியாவ உக்கார வச்சு படிக்க வைங்க. எங்க பேச்ச அவ கேக்க மாட்டேங்குறா. என்னைய எப்படிப் படிக்க வச்சீங்களோ அப்படியே வைங்க, போதும்" என்றாய். மோட்டார் ஓடுகிறது, காதில் விழவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மோட்டார் ஓடவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட்டே இல்லை. பேத்தியோடு இருக்க எந்தக் கிழவனுக்குக் கசக்கும்? ஆனால் நீ கடைசியாகச் சொன்னாயே, என்னைப் படிக்க வைத்த மாதிரியே என்று, அது என்னைக் குத்திவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "அதெல்லாம் விடுங்கப்பா" என்று நீ சிரித்து மழுப்புவாய், சாக்குக் கிடைத்தது என்று நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் அம்மாவிடம் சொன்னேன். "இப்பவாச்சும் எழுதுங்க" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போகத் தெரியும்.

போன வருஷம் உன் மச்சான் கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ ஒரு கதை சொன்னாய். "எங்க அப்பா மார்க் கொறஞ்சா களத்துல முட்டி போட வச்சிருவாரு. நெல்லு குத்தும் பாருங்க, அதுக்குப் பயந்தே படிச்சேன். அதனாலதான் இன்னைக்கு இந்த நெலமையில இருக்கேன்." சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சுதாவின் அப்பா என் தோளைத் தட்டி, "அப்பான்னா அப்படித்தான் இருக்கணும் சம்பந்தி" என்றார். நான் இலையைப் பார்த்தபடி ரசம் ஊற்றச் சொன்னேன். நீ அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் நெல் குத்துகிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறாய். உனக்கு அது சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது.

நீ படித்தது உன் புத்தியால். சிமினி விளக்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கொசு விரட்டியவள் உன் அம்மா. நான் செய்ததெல்லாம் மிரட்டியதும், பிறகு ஊரில் மார்தட்டியதும்தான். நான் பத்தாவதோடு நின்றவன். நீயாவது படித்து இந்தச் சேற்றிலிருந்து கரையேற வேண்டும் என்று மன்னார்குடியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சேர்த்ததோடு விட்டிருக்கலாம். சாயந்திரம் பஸ்ஸை விட்டு நீ இறங்கும்போதே, பையைக்கூட வாங்காமல், "எத்தனை?" என்று கேட்பேன். சாப்பிட்டாயா, யாரோடு விளையாடினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பரீட்சை நாள் காலையில் உனக்கு வயிறு வலிக்கும், சில நாள் வாந்தியும் வரும். உன் அம்மா ஓமத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். "நடிக்கிறான், விடு" என்பேன். அடியாத மாடு படியாது என்று உன் அம்மாவிடம் பழமொழி வேறு சொல்வேன். மாட்டையெல்லாம் விற்றுவிட்டு டிராக்டருக்கு மாறினவன், அந்தப் பழமொழியை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டேன்.

இந்தத் தீபாவளிக்கு வந்தபோது நீயும் சுதாவும் மத்தாப்பு வாங்க நீடாமங்கலம் போனீர்கள் அல்லவா, அந்த மத்தியானம் இனியா என்னோடு பள்ளிக்கூடம் விளையாடினாள். அவள் மிஸ், நான் பையன். என்னைக் கைகட்டி உட்காரச் சொன்னாள். ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டாள். விளையாட்டுதானே என்று "பதினாறு மிஸ்" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. புருவம் ஏறி, உதடு மடிந்து, அப்படியே உன் முகம். கையிலிருந்த ஸ்கேலால் நாற்காலியில் ஓங்கி ஒரு போடு போட்டு, "எத்தன வாட்டி சொல்லிக் குடுக்குறது? மண்டையில என்ன, பதரா இருக்கு?" என்றாள். அது என் வார்த்தை. நான் உன்னைச் சொன்ன வார்த்தை. சென்னையில் பிறந்து, நெல்லை மூட்டையில் மட்டுமே பார்த்த பிள்ளையின் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அவள் மிஸ் வேஷத்தைக் கலைத்துவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, பதர்னா என்ன?" என்றாள். நெல்லு மாதிரியே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது, தூற்றும்போது காற்றில் பறந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். "யாரு சொன்னா? உன் தலை பூரா முத்துன நெல்லு" என்றேன். அவள் நம்பவில்லை. தாத்தா சும்மா சொல்கிறார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? தம்பி, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் விதைத்ததை நீ அறுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறாய், அவ்வளவுதான். விதைத்தவன் நான் இருக்கும்போது உன்னை ஏன் திட்டப் போகிறேன்?

அன்று சாயந்திரம் வாசலில் நின்று மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, மழை வருமா?" என்றாள். விவசாயி வீட்டுப் பேத்தி அல்லவா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்த ஊருக்கு வேணும்?" என்றேன். "சென்னைக்கு. புதன்கிழமை டெஸ்ட்டு. மழை பெஞ்சா லீவு விடுவாங்கள்ல?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது தெரியவில்லை, கை தானாகப் போயிற்று. நீயும் இப்படித்தான் பிடித்துக்கொள்வாய். வலது கையால், தொப்புளுக்கு மேலே. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வந்து, சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டாள்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்ததைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். உனக்கு அது ஒரு மாதிரி நினைவிருக்கும். எனக்கு வேறு மாதிரி. அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. அறுத்து அடித்துத் தூற்றி, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோம். நமக்கு முன்னால் பெரிய வரிசை. அவரவர் நெல்லை அவரவர் குவித்து வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள், ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் நம் நெல் தேறுமா என்று காத்துக் கிடந்தோம். ஒரு பிடி நெல்லை அந்த மெஷினில் போடும்போது என் அடிவயிறு என்ன பாடுபடும் என்று எனக்கல்லவா தெரியும்? அந்த வயிற்றோடுதான் தினமும் வீட்டுக்கு வந்து, உன் வயிற்றுவலியை நடிப்பு என்று சொன்னேன். இதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் உனக்குக் கணக்குப் பரீட்சை. சாயந்திரம் உன்னை உட்கார வைத்து எட்டாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் இடத்தில் நீ தடுக்கித் தடுக்கி விழுந்தாய். அப்போது பக்கத்து வயல் கோவிந்தன் சைக்கிளில் வந்து, "அண்ணே, கெழக்கால கருக்குது. நான் என் குவியல மூடப் போறேன். தார்ப்பாய எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க" என்றான். நான் எழுந்துபோய் வானத்தைப் பார்த்தேன். கருத்துத்தான் இருந்தது. "அது கடலோட போயிரும்டா. பய வாய்ப்பாட்ட முடிக்கட்டும், வர்றேன்" என்றேன். நீ முடிக்கவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டை ஜெயித்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி. நீ அழ அழ திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பிறகு சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன். தார்ப்பாய் மாட்டுக்கொட்டகையில் மடித்தது மடித்தபடி கிடந்தது. விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்குச் சொல்லவா வேண்டும்?

காலையில் போய்ப் பார்த்தால் மூடிய குவியல்கள் எல்லாம் பிழைத்துக் கிடக்கின்றன, நம்முடையது மட்டும் கஞ்சியில் ஊறினது போல் கிடக்கிறது. கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் மண்வெட்டியால் ஈர நெல்லை வாரி வாரி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்து நீ அங்கே வந்தாய். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாய். கொஞ்ச நேரம் நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என் பக்கத்தில் வந்து, "அப்பா, நான்தாம்பா கேட்டேன். பரீட்சை வேணாம், மழை பெய்யணும்னு பஸ் ஸ்டாப் புள்ளையாருக்குத் தெனமும் தோப்புக்கரணம் போட்டேன். நெல்லு வெளியில கெடக்குறத மறந்துட்டேம்பா" என்றாய்.

எட்டு வயதுப் பிள்ளை. யாரும் கேட்காமல், தானாக வந்து ஒப்புக்கொண்டான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு உன்னைத் தூக்கியிருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "அப்ப நீதான்டா காரணம். ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா" என்றேன். மெதுவாகக்கூட இல்லை, அங்கிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மட்டும் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. கோவிந்தன் பார்த்த பார்வை என் மேல் இருந்தது. தார்ப்பாய் எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அந்த நேரத்தில் பழியைச் சுமக்க ஓர் ஆள் தானாக வந்து நின்றது. சிறிய ஆள்தான். இருந்தாலும் தூக்கி வைத்துவிட்டேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நீ அழவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தச் சின்னக் கையால் ஈர நெல்லை வாரிச் சாக்கில் போட ஆரம்பித்தாய். மதியம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தாய். போதும் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கொட்டகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புள்ளைக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள். சொல்லிக்கலாம், இந்த நெல்லுச் சோலி முடியட்டும் என்றேன். அந்தச் சோலி இன்னும் முடியவில்லை.

அந்த அரைப்பரீட்சையில் நீ முதல் ராங்க் வாங்கினாய். ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ வயிற்றுவலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வலி விட்டுவிட்டது என்று நினைத்தேன். நீ என்னிடம் சொல்வதைத்தான் விட்டிருந்தாய். கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து இன்றுவரை, டி.வி.யில் டெல்டாவில் மழை என்று சொன்னால் போதும், போன் வந்துவிடும். "அப்பா, நெல்லு எங்க கெடக்கு? மூடியிருக்கா? நல்லா இழுத்துக் கட்டுனீங்களா?" நெல் வயலில் பயிராக நிற்கிற மாதத்தில்கூடக் கேட்பாய். டீக்கடையில் பெருமையடித்துக்கொள்வேன். "எம் பையன் ஏசி ரூமுல உக்காந்திருந்தாலும் நெனப்பு பூரா மண்ணுலதான்" என்பேன். அது மண்மேல் உள்ள பாசம் என்று உண்மையிலேயே நம்பினேன், தம்பி. இந்தத் தீபாவளி வரைக்கும் நம்பினேன்.

சரி, இனியாவுக்கு வருவோம். நான் டாக்டருமில்லை, வாத்தியாருமில்லை. செய்யக்கூடாததை எல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் வயிற்றுவலி நிஜம். பயத்தில் வருகிற வலியும் வலிதான். பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடு, "டெஸ்ட்னா எனக்கும் இப்படித்தான் வலிக்கும்" என்று சொல். உனக்கு வலித்ததை அவள் கேட்கட்டும். நீ எல்லாவற்றிலும் முதல் ராங்க் வாங்கினவன் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாய் போலிருக்கிறது. எட்டாம் வாய்ப்பாட்டில் விழுந்ததையும் சொல். வலி விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு, அவள் மிஸ்ஸைப் போய்ப் பார்த்துப் பேசு. சண்டைக்குப் போகாதே. பிள்ளை பயப்படுகிறது என்று சொன்னால் போதும், நல்ல மிஸ்ஸாக இருந்தால் புரிந்துகொள்வார்.

மார்க் அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே உன் போனுக்கு வந்துவிடுகிறதாமே? அவளே வாயைத் திறந்து சொல்லும் வரைக்கும் அதைத் திறந்து பார்க்காதே. பார்த்துவிட்டால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் கதவைத் தாண்டுவதற்குள் அப்பன் முகத்தைப் படித்துவிடுகின்றன. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி புத்தகத்தை மூடிவை. வயலுக்கு ஒரே நாளில் ஒரு மாதத் தண்ணீரையும் பாய்ச்சுகிறவன் உண்டா? தினமும் கொஞ்ச நேரம் படிக்கட்டும், பிறகு ஆடட்டும். காலையில் வண்டியில் போகும்போது கேள்வி கேட்காதே, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போ. பேசாவிட்டால் அதுவும் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று கேட்கவே கேட்காதே. கணக்குத் தப்பினால் எங்கே தப்பியது என்று சேர்ந்து உட்கார்ந்து பார். அவளை மிஸ்ஸாக்கி உனக்கு டெஸ்ட் வைக்கச் சொல், நீ தப்பாக எழுது, அவள் என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று காதைத் தீட்டிக் கேள். அந்தத் திட்டில் நீயும் இருப்பாய், நானும் இருப்பேன். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நீங்கள் சென்னைக்குக் கிளம்பின அன்று காலை, நீ காரில் பை ஏற்றிக்கொண்டிருந்தாய். இனியா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, புதன்கிழமை கண்டிப்பா மழை பெய்யணும்னு சாமி கும்பிடுங்க" என்றாள். "ஒரு நாள் லீவு விட்டா என்னம்மா, மறுநாள் டெஸ்ட் வச்சிருவாங்களே" என்றேன். "வைக்கட்டும் தாத்தா. மழை பெஞ்சா அப்பா டெஸ்ட்டப் பத்தியே கேக்க மாட்டாங்க. ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கிட்டு உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்பாவுக்கு மழைன்னா பயம்" என்றாள். அப்பாவுக்கு மழை என்றால் பயம். உனக்கும் எனக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அன்றைக்கு உன் மேல் ஏற்றிய பயம், இன்றைக்கு உன்னிடமிருந்து ஒளிந்துகொள்ள அவளுக்கு இடமாகிவிட்டது. கார் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

தம்பி, அந்த மழை உன்னால் பெய்யவில்லை. நீ தோப்புக்கரணம் போட்டாலும் போடாவிட்டாலும் அது பெய்திருக்கும். நெல் நனைந்தது நான் தார்ப்பாய் போடாததால். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எட்டு வயதில் உனக்குச் சொல்ல வேண்டியதை, உன் தலையில் நரை விழுந்த பிறகு எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, எழுதிவிட்டேன்.

நான் சென்னைக்கு வருகிறேன். படிக்க வைக்க இல்லை, இனியாவோடு சும்மா இருக்க வருகிறேன். அதற்கு முன்னால் அங்கே மழை பெய்தால் எனக்குப் போன் செய்யாதே. போனை உள்ளே வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போ, இரண்டு பேரும் நன்றாக நனையுங்கள். சுதா திட்டினால் மாமா சொன்னார் என்று சொல்.

நெல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா